போட்டுக்கொடுப்பதா, பொறுப்பா?

சில ஆண்டுகளுக்கு முன் கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றினேன். ஒருநாள் கணக்கு ஆசிரியர் விடுப்பு. ஆறாம் வகுப்புக்கு நான் போனேன். "நம்ம பள்ளியில நீங்க எண்ணக்கூடிய எதையாவது எண்ணி, நாளைக்கு எழுதிட்டு வாங்க" என்றேன். ஒருவன் சன்னல் கம்பிகளை எண்ணி வந்தான். ஒருத்தி வேப்பமரத்தடியில் கிடந்த செருப்புகளை எண்ணினாள். இன்னொரு சிறுமி மதியச் சத்துணவுக்கு உட்கார்ந்தவர்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"சார், பலகையில 64னு போட்டிருக்கு. உட்கார்ந்தவங்க 57 பேருதான். ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார்."

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "போட்டுக்கொடுக்குறா சார்!" எல்லோரும் சிரித்தார்கள். நான், "சரி, உட்காரும்மா" என்று சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் பேசினேன். காலை வருகையைப் பார்த்து எழுதும் எண்ணிக்கை, இடையில் வீட்டுக்குப் போனவர்களைக் கழிக்காமல் அப்படியே இருந்துவிடுகிறது என்பது தெரிந்தது. மறுநாளிலிருந்து மதியம் எண்ணிய பிறகே பலகையில் எழுதும் வழக்கம் வந்தது. ஆனால், "நீ சொன்னதாலதாம்மா இது சரியாச்சு" என்று அந்தச் சிறுமியிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் எதையும் எண்ணிக்கொண்டு வரவில்லை.

இரண்டாவது நிகழ்வு 2021 தொடக்கத்தில். கொரோனா விடுமுறைக்குப் பின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் திறந்திருந்தன. அப்போது நான் மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாறுதலாகி வந்திருந்தேன். மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "சார், எங்க அம்மா கணக்குல 2,000 ரூபா வந்துச்சு. கொரோனா காசுன்னாங்க. அப்புறம் பேங்க்குல திருப்பி எடுத்துக்கிட்டாங்க. எங்கம்மாவ எல்லாரும் திருடின்னு சொல்றாங்க. அவங்க திருடியா சார்?"

இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் கொடுத்திருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் நடத்தும் வகையிலும், தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் எளிமையாக்கிப் பயன்படுத்தும் வகையிலும் எழுத முயன்றிருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் நடந்தது

முதலில் இரண்டாவது பிள்ளையின் கேள்வி. அவன் சொன்ன 2,000 ரூபாய், பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தின் ஒரு தவணை. நிலம் வைத்திருக்கும் உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் நடுவண் அரசின் திட்டம் அது. 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

2020 ஆகஸ்ட் மாதத்தில் இத்திட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் திடீரென உயர்ந்திருப்பது தெரியவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் அதில் முன்னால் நின்றன. விசாரித்தபோது, நிலமே இல்லாத பலர் உழவர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது வெளிப்பட்டது. இணையப் பதிவுக்கு ஒப்புதல் அளிக்க அலுவலர்களுக்கு வழங்கப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தன. ஊரடங்குக் காலத்தில் விண்ணப்ப முறை எளிதாக்கப்பட்டிருந்ததும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

செப்டம்பர் மாதத்தில் வேளாண் துறைச் செயலாளர் செய்தியாளர்களிடம் கூறிய முறைகேட்டுத் தொகை 110 கோடி ரூபாய். 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். அலுவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சரிபார்க்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் கணக்குகள் தகுதியற்றவை என்று கண்டறியப்பட்டது. அந்தக் கணக்குகளுக்குப் போன பணத்தைத் திரும்பப் பெறும் பணி நடந்தது.

இந்த எண்களை வெறுமனே சொல்லிக் கடக்காமல் வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுக்கலாம். 110 கோடியை 2,000 ஆல் வகுத்தால் என்ன வரும்? 5,50,000. தகுதியற்ற கணக்குகளின் எண்ணிக்கையோடு இது ஏறத்தாழ ஒத்துப்போவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அடுத்த கேள்வி: ஒரு நோட்டுப் புத்தகம் 40 ரூபாய் என்றால் 110 கோடியில் எத்தனை வாங்கலாம்? 2 கோடியே 75 லட்சம். 'அரசாங்கப் பணம்' என்று எங்கோ இருப்பதாக நினைத்தது, அவர்கள் கையில் இருக்கும் நோட்டாக மாறும் இடம் இதுதான்.

அம்மா திருடியா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த முறைகேட்டின் படிகளைக் கரும்பலகையில் எழுதலாம். கடவுச்சொல்லை வெளியே கொடுத்தவர் ஒருவர். அதை வைத்துப் பதிவு செய்து கூலி வாங்கிய தரகர் ஒருவர். ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டபோது கொடுத்துவிட்டு, வந்த பணத்தை நம்பி வாங்கிக்கொண்டவர் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று சொல்ல முடியாது. பணம் திரும்பிப் போனது சரி. ஆனால், என்ன காசு என்று தெரியாமல் வாங்கியவரைத் திருடி என்று அழைப்பது சரியில்லை. "உங்கம்மாகிட்ட ஆதாரைக் கேட்ட ஆளுகிட்ட, 'இது எந்தத் திட்டம், எனக்கு இதுல தகுதி இருக்கா?'ன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்தா இது நடந்திருக்காது. இனிமே நீ கேளு" என்று அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் அன்று வகுப்பில் இன்னொருவன் கேட்டான்: "சார், ஊர்ல நிறைய பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்ல? ஏன் ஒருத்தரும் சொல்லல?" நல்ல கேள்வி. அதற்கான பதில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் இருக்கிறது.

ஒரு சொல்லின் சிக்கல்

தவற்றைச் சொல்பவரைக் குறிக்க நம் பேச்சில் இருக்கும் சொற்களைக் கவனியுங்கள். கோள்சொல்லி, காட்டிக்கொடுப்பவர், போட்டுக்கொடுப்பவர். எல்லாமே வசை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் சமூக விதிகளில் ஒன்று, போட்டுக்கொடுக்கக் கூடாது என்பது. அதில் ஒரு நியாயமும் உண்டு. பக்கத்து இருக்கைப் பிள்ளை பென்சில் கடித்ததையெல்லாம் ஆசிரியரிடம் சொல்லி நல்ல பெயர் வாங்குவது அழகல்ல.

திருக்குறள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. ஒருவர் இல்லாதபோது அவரைப் பழிப்பதைக் கண்டிக்கப் 'புறங்கூறாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதே நூலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம், தவறு செய்யும்போது இடித்துச் சொல்பவர்களைத் துணையாக வைத்துக்கொள்ளாத அரசன் தானாகவே கெடுவான் என்கிறது. புறங்கூறுவது வேறு, இடித்துரைப்பது வேறு. இதை ஒட்டித்தான் இன்று, ஓர் அமைப்புக்குள் இருந்துகொண்டு அதன் முறைகேட்டை வெளியே சொல்பவரை 'இடித்துரைப்பாளர்' என்று எழுதுகிறார்கள். வகுப்பில் பயன்படுத்தத் தக்க சொல்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். சொல்வதால் யாருக்கு நன்மை, எனக்கா, எல்லோருக்குமா? நான் பார்த்ததைச் சொல்கிறேனா, கேள்விப்பட்டதைச் சொல்கிறேனா? சரிசெய்யும் பொறுப்பு உள்ளவரிடம் சொல்கிறேனா, ஊரெல்லாம் சொல்கிறேனா? அந்தச் சிறுமியை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். அவள் சொன்னது எல்லோருக்குமான உணவைப் பற்றி. இரண்டு முறை எண்ணிவிட்டுச் சொன்னாள். ஆசிரியரிடம் சொன்னாள். மூன்றிலும் தேறியவளைத்தான் நாங்கள் சிரிப்பில் உட்கார வைத்தோம்.

அரசின் சார்பில் குடிமகன் தொடுக்கும் வழக்கு

சொல்பவரை வசைபாடாமல், அவரையே அரசின் துணைவராக்கிய சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மாணவர்களுக்கு இது கதை போலப் பிடிக்கும்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வரலாற்றுப் பாடத்தில் ஆபிரகாம் லிங்கனைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியும். போர்ப்படைக்குப் பொருள் கொடுத்த ஒப்பந்ததாரர்கள் சிலர் அரசை ஏமாற்றினார்கள். கந்தல் கம்பளியை அரைத்து நெய்த சீருடைகள் மழையில் நைந்து போயின. நோயுற்ற குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நல்ல விலைக்குத் தலையில் கட்டப்பட்டன. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் நடக்கும் இந்த ஏமாற்றைத் தலைநகரில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

1863-இல் லிங்கன் காலத்தில் 'பொய்க் கோரிக்கைகள் சட்டம்' வந்தது. அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றவர்மீது, அதை அறிந்த எந்தக் குடிமகனும் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம். இத்தகைய வழக்குக்கு 'க்வி டாம்' என்ற பழைய லத்தீன் பெயர் உண்டு. 'அரசனுக்காகவும் தனக்காகவும் வழக்காடுபவர்' என்ற நீண்ட தொடரின் தொடக்கச் சொற்கள் அவை.

1986-இல் இச்சட்டம் வலுவாக்கப்பட்டது. இன்று அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை மூன்று சொற்களில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: முத்திரை, காப்பு, பங்கு.

முத்திரை என்பது இரகசியம். வழக்கு மனு முதலில் மூடிய உறையில் நீதிமன்றத்தில் தாக்கலாகும். குறைந்தது 60 நாள்கள் அது வெளியே தெரியாது. எதிராளிக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் அரசு விசாரித்து, வழக்கைத் தானே ஏற்று நடத்துவதா என்று முடிவு செய்யும்.

காப்பு என்பது வேலைப் பாதுகாப்பு. உண்மையைச் சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால், அவரைத் திரும்ப எடுக்க வேண்டும். இழந்த சம்பளத்தை இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டும்.

பங்கு என்பது வெகுமதி. ஏமாற்றியவர் அரசின் இழப்பைப் போல் மூன்று மடங்கு வரை கட்ட நேரிடும். அரசே வழக்கை ஏற்று நடத்தினால், மீட்கும் தொகையில் 15 முதல் 25 விழுக்காடு தகவல் கொடுத்தவருக்கு. அரசு ஏற்காமல் அவரே நடத்தி வென்றால் 25 முதல் 30 விழுக்காடு.

இந்தச் சட்டத்தால் பயன்பெற்றவர்களில் ஓர் இந்தியப் பொறியாளரும் உண்டு. தினேஷ் தாக்கூர் 2003-இல் ரான்பாக்சி என்ற இந்திய மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். மருந்துகளின் பரிசோதனை முடிவுகள் பல போலியாகத் தயாரிக்கப்பட்டவை என்பதை ஆய்ந்து கண்டறிந்தார். உள்ளே சொல்லிப் பயனில்லாமல் 2005-இல் வேலையை விட்டார். பிறகு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். 2007-இல் பொய்க் கோரிக்கைகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க அரசின் மருத்துவத் திட்டங்கள் அந்த மருந்துகளை வாங்கியிருந்ததால், ஏமாந்தது அந்த அரசின் கருவூலமும்தான். 2013 மே மாதம் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. தாக்கூருக்குச் சுமார் 4 கோடியே 86 லட்சம் டாலர் கிடைத்தது.

இங்கே பிள்ளைகள் கண்கள் விரியும். "நமக்கும் குடுப்பாங்களா சார்?" என்பார்கள். பணத்தில் மட்டும் அவர்கள் கவனம் நின்றுவிடாமல் இருக்க, 2003-இலிருந்து 2013 வரை எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிடச் சொல்லுங்கள். அந்த ஆண்டுகளில் அவரும் குடும்பமும் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வெகுமதி கடைசியில் வந்தது. வழக்குத் தொடுத்த பின் அவருக்குத் துணை நின்றது முத்திரைதான்.

நம் நாட்டில் ஒரு கடிதத்தின் கதை

முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு துயரமான எடுத்துக்காட்டு இருக்கிறது. சத்யேந்திர துபே கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த கட்டடப் பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்தார். பணியில் நடந்த முறைகேடுகளை விவரித்து 2002-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கடிதம் பெயரோடு சேர்ந்தே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் பீகாரின் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 30. மத்தியப் புலனாய்வுத் துறை அதை வழிப்பறியில் நடந்த கொலை என்றது. 2010-இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், இரகசியமாக வைக்கக் கேட்ட பெயர் ஏன் இரகசியமாக இருக்கவில்லை என்ற கேள்வி நாட்டை உலுக்கியது.

அதன் விளைவாக 2004 ஏப்ரலில் நடுவண் அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலன் கருதித் தகவல் கொடுப்போரைப் பாதுகாக்கும் தீர்மானம் அது. நடுவண் அரசு அலுவலர்கள், நிறுவனங்கள் பற்றிய புகாரை மத்தியக் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்பலாம். உறையின்மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும். மொட்டைக் கடிதம் ஏற்கப்படாது. பெயரை இரகசியமாகக் காப்பது ஆணையத்தின் பொறுப்பு. மாநில அரசுப் பணியாளர்கள் இந்தத் தீர்மானத்துக்குள் வருவதில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 2014 மே மாதம், முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அது மாநில அரசுகளையும் உள்ளடக்கியது. தகவல் கொடுத்தவரின் பெயரை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை. பழிவாங்கப்பட்டதாக ஒருவர் சொன்னால், அது பழிவாங்கல் இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. நல்ல சட்டம். ஆனால் ஒரு சட்டம் நிறைவேறுவது வேறு, அரசு நாள் குறித்து அறிவித்து அது நடைமுறைக்கு வருவது வேறு. இந்தச் சட்டம் பல்லாண்டுகள் கடந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே இருந்துவருகிறது. மசோதா, ஒப்புதல், அறிவிக்கை, நடைமுறை என்ற படிகளை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

வெகுமதியும் நம் நாட்டில் அறவே இல்லாமல் இல்லை. வரி ஏய்ப்பு, பினாமி சொத்து பற்றித் தகவல் தருவோருக்கு வெகுமதி வழங்க வருமான வரித் துறை 2018-இல் திட்டங்களை அறிவித்தது. ஆனால் அமெரிக்காவைப் போல அரசின் சார்பில் குடிமகனே வழக்காடிப் பங்கு பெறும் வழி இங்கே இல்லை.

இன்று நம் கையில் இருக்கும் வழிகள்

"அப்ப சொல்லவே கூடாதா சார்?" என்று பிள்ளைகள் கேட்கலாம். சொல்லலாம், பாதுகாப்பான வழிகளை அறிந்து சொல்ல வேண்டும்.

முதல் வழி தகவல் கேட்பது. குற்றஞ்சாட்டத் தேவையில்லாத வழி இது. தமிழ்நாடு 1997-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மனித உரிமைகள் பாடத்தில் இது வருவதால், மாதிரி மனு எழுதும் பயிற்சியை அங்கேயே சேர்க்கலாம்.

இரண்டாவது வழி கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. திட்டங்களின் பயனாளிகள் பட்டியலை அங்கே படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு சிற்றூரில் யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2020-இல் கணினிக்குத் தெரியாமல் போனதும் அதுதான். ஒருவர் தனியாகச் சொன்னால் போட்டுக்கொடுப்பது ஆகிறது. பட்டியலைச் சபையில் உரக்கப் படித்தால் எவரும் எவரையும் போட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, புகார் அமைப்புகள். மாநில அரசுப் பணியாளர்களின் ஊழலை விசாரிக்க 1964 முதல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி லோக் ஆயுக்தாவும் அமைக்கப்பட்டிருக்கிறது.

நான்காவது, பொதுநல வழக்கு. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-இல் அறிக்கை அனுப்பினார். 2014-இல் ஒரு பொதுநல வழக்கில், அதே சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்துச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரிக்கச் செய்தது. வழக்குத் தொடுத்தவர் டிராபிக் ராமசாமி என்ற ஒரு தனி மனிதர்.

வகுப்பறையில்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை: 'நம் பள்ளியின் கணக்கு' என்ற செயல்பாட்டை வாரம் ஒருமுறை செய்யலாம். வருகை, உணவு உண்டோர், முட்டைகள், நூலகப் புத்தகங்கள், தண்ணீர்க் குழாய்கள் என ஒவ்வொரு குழுவும் ஒன்றை எண்ண வேண்டும். எண்ணியதைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு வந்தால் முதலில் மறுபடி எண்ண வேண்டும். பிறகும் வேறுபட்டால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். சொன்ன குழுவுக்கு வகுப்பு முன்னால் நன்றி சொல்ல வேண்டும். கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: மேலே சொன்ன மூன்று கேள்விகளை வைத்து, பத்துச் சிறு நிகழ்வுகளைக் 'கோள்', 'இடித்துரைப்பு' என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லலாம். நண்பன் வீட்டுப்பாடம் எழுதாதது, பள்ளிக் கழிப்பறைக்கு வாங்கியதாகச் சொன்ன பொருள் வராதது, ரேசன் கடையில் எடை குறைவது எனக் கலந்து கொடுங்கள். எளிதில் பிரிக்க முடியாத இரண்டு மூன்று நிகழ்வுகளும் இருக்கட்டும். அவற்றில்தான் விவாதம் வரும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகள்: நான்கு குழுக்களாகப் பிரித்து, 'முத்திரை, காப்பு, பங்கு, பொய்ப் புகாருக்குத் தண்டனை' என்ற நான்கில் ஒவ்வொன்றும் ஏன் தேவை அல்லது தேவையில்லை என்று பேசச் சொல்லலாம். பணம் கொடுத்தால் பொய்ப் புகார் பெருகுமா? பணமே கொடுக்காவிட்டால், இழப்பைத் தாங்கி யார் முன்வருவார்? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதை அவர்களே உணர்வார்கள். முடிவில், நமக்கென ஒரு சட்டம் எழுதினால் அதில் முதல் பிரிவு என்னவாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும். மதிப்பீட்டுக்கு அதுவே போதும்.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்தப் பாடத்தை நடத்தும்போது உள்ளூர் ஆள்களின் பெயர் வகுப்பில் அடிபடக் கூடாது. பெயர் வரத் தொடங்கினால், "பெயர் வேண்டாம், நடந்த முறையைச் சொல்" என்று திருப்பிவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. பிள்ளைகளைத் துப்பறியவும் அனுப்பக் கூடாது. கண்ணில் பட்டதை நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்குமேல் கொண்டுபோவது பெரியவர்கள் வேலை. சொன்னால் ஆபத்தே இல்லை என்று பொய்யாகத் தைரியம் கொடுப்பதும் தவறு. துபேயின் கதையை மறைக்காமல் சொல்லி, அதனால்தான் முறையாகச் சொல்லும் வழிகள் வேண்டும் என்று விளக்குவதே நேர்மை.

கடைசியாக ஒன்று. வருகைப் பதிவேடு, உணவுப் பலகை, விலையில்லாப் பொருள்களின் பெறுகைச் சீட்டு என்று நம் கையெழுத்தில் இருக்கும் எண்களும் பொதுப்பணமே. பிள்ளைகள் அதை எண்ணிப் பார்க்கும் பள்ளியில் நாமும் கொஞ்சம் கூடுதலாகக் கவனத்தோடு எழுதுவோம்.

அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி இப்போது கல்லூரி வயதில் இருப்பாள். சந்தித்தால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். ஆனால் அதை அன்றே, அந்த வகுப்பிலேயே, சிரித்தவர்கள் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் நாளை ஒரு பிள்ளை எழுந்து, "பலகையில இருக்கிறது தப்பு" என்று சொல்லக்கூடும். அப்போது நீங்கள் தாமதிக்காதீர்கள்: "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா. வா, மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம்."